ஐடிலிங்கில் தடுமாறும் என்ஜின்: வாக்யூம் லீக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0171 என்று ஒரு கோடு, அதாவது கோளாறுக் குறியீடு வருகிறது. கூடவே "சிஸ்டம் லீன், பேங்க் 1" என்ற விளக்கம். பேங்க் என்பது என்ஜினில் ஒரு வரிசைச் சிலிண்டர்கள். பலர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கோடை அழித்ததும் விளக்கு அணைகிறது. சில நாளில் மறுபடி எரிகிறது. அடுத்து ஸ்பார்க் பிளக், அப்புறம் இன்ஜெக்டர் என்று செலவு நீள்கிறது.

அந்தக் கோடு எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்லவில்லை. என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிற நிலையை மட்டுமே அது சொல்கிறது. அந்த நிலைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது வாக்யூம் லீக், அதாவது என்ஜின் உறிஞ்சும் பாதையில் எங்கோ ஒரு இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று நுழைவது. லீக்கைத் தேடப் பயன்படும் ஸ்ப்ரே கேனைக் கையில் எடுப்பதற்கு முன்பே, ஸ்கேனர் காட்டும் எண்களை வைத்து லீக் உண்டா இல்லையா, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். அந்த எண்கள் ஏன் அப்படி வருகின்றன என்பது புரிந்தால் தேடுவது எளிது.

உள்ளே வெற்றிடம் எப்படி உண்டாகிறது?

பெட்ரோல் என்ஜினின் சக்தியைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில், அதாவது காற்றுப் பாதையில் இருக்கும் ஒரு வட்டத் தகடு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தகடு திறக்கும். காலை எடுத்தால் ஏறத்தாழ முழுவதும் மூடிக்கொள்ளும். தகடு மூடியிருந்தாலும் பிஸ்டன்கள் கீழிறங்கி இழுப்பதை நிறுத்துவதில்லை. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் இழுப்பது போன்ற நிலைதான் அது. த்ராட்டிலுக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் விழுகிறது.

கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல நிலையில் உள்ள என்ஜின் சூடாகி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் நின்றபடி ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் வாக்யூம் கேஜில் இதே நிலை 17 முதல் 22 அங்குலப் பாதரசம் என்று தெரியும். உயரமான ஊர்களில் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறத்தாழ 1 அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். மலைமேல் 15 அங்குலம் காட்டுகிறது என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பழைய வகை டீசல் என்ஜின்களில் த்ராட்டில் கிடையாது. எனவே மேனிஃபோல்டில் இந்த வெற்றிடமும் இருக்காது. வெற்றிடத்தின் உதவியால் பிரேக் பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தனியாக வாக்யூம் பம்ப் வைத்திருப்பார்கள். டர்போ வைத்த பெட்ரோல் என்ஜினில் ஒரே ஓட்டை இரண்டு வேலை செய்யும். ஐடிலிங்கில் காற்றை உள்ளே இழுக்கும், டர்போ அழுத்தம் ஏறியதும் காற்றை வெளியே தள்ளும். ஐடிலிங்கில் தடுமாற்றமும் வேகத்தில் சக்தியிழப்பும் ஒரே காரில் சேர்ந்து வந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கில் வராத காற்று என்ன செய்கிறது?

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். என்ஜினை நடத்தும் இசியு இந்த விகிதத்தைக் காக்க வேண்டுமானால் உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உண்டு.

1. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் பாதையில் ஒரு மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். சுருக்கமாக மாஃப் என்பார்கள். கடந்து போகும் காற்றை நொடிக்கு இத்தனை கிராம் என்று அது அளக்கிறது.

2. சில கார்களில் மாஃப் இருக்காது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும், காற்றின் வெப்பநிலையும், என்ஜின் சுழலும் வேகமும் சேர்ந்து காற்றின் அளவைக் கணக்கிட்டுத் தரும்.

மாஃப் உள்ள என்ஜினில் லீக் வந்தால், ஓட்டை வழியே நுழையும் காற்று சென்சாரைத் தாண்டி வருவதில்லை. இசியுவுக்கு அது தெரியாது. குறைந்த பெட்ரோலைத்தான் விடும். கலவை மெலிந்துவிடும். சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மிச்சமான ஆக்சிஜனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் இசியு பெட்ரோலைக் கூட்டத் தொடங்குகிறது. இப்படிக் கூட்டும், குறைக்கும் சதவீதம்தான் ஃப்யூவல் ட்ரிம். அந்தந்த நொடியில் மாறிக்கொண்டே இருப்பது ஷார்ட் டெர்ம். பழகிப்போய் நினைவில் பதிந்தது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பல கார்களில் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் கோடு பதிவாகி விளக்கு எரியும். அதாவது விளக்கு எரிவதற்கு வெகு முன்னரே ட்ரிம் பேசத் தொடங்கிவிடுகிறது.

மேப் சென்சாரை மட்டும் நம்பும் என்ஜின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓட்டை வழியே காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், அந்தக் கூடுதல் மேப் சென்சாருக்குத் தெரியும், இசியுவும் அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும். கலவை கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். ஆனால் காற்றும் பெட்ரோலும் இரண்டுமே கூடியதால் ஐடிலிங் வேகம் ஏறிவிடும். இத்தகைய கார்களில் பி0171 வராமல், ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்கிற பி0507 வரலாம். மாஃப் காருக்குச் சொன்ன அடையாளங்களை மேப் காரில் தேடி, ட்ரிம் சரியாக இருக்கிறது என்று லீக்கையே நிராகரித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் காரில் எந்த முறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய கார்களில் த்ராட்டிலைத் திறப்பதும் மூடுவதும் இசியுவின் மோட்டார்தான். சிறிய லீக் வந்தால் இசியு தகட்டை இன்னும் கொஞ்சம் மூடி ஐடிலிங் வேகத்தைப் பழைய அளவிலேயே நிறுத்திவிடும். ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் காதில் விழுந்த குறை, இப்போது எண்ணில் மட்டும் ஒளிந்திருக்கிறது.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

லீக்கைப் பெட்ரோல் பம்ப் கோளாறிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஓட்டைக்கு வெளியே உள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ 53 சதவீதத்துக்குக் கீழே உள்ளழுத்தம் இறங்கிவிட்டால், அதன் வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதன் பிறகு உள்ளே எவ்வளவு உறிஞ்சினாலும் நுழையும் அளவு கூடாது. ஐடிலிங்கில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், ஓட்டை ஏற்கெனவே தன் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு குறிப்பிட்ட ஓட்டை நொடிக்கு இவ்வளவுதான் கொடுக்கும் என்று சொல்லிவிடலாம். 2 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் அது சுமார் 0.5 கிராம்.

சிறிய என்ஜின் ஒன்று ஐடிலிங்கில் மொத்தம் நொடிக்கு 2.5 கிராம் காற்றை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.5 கிராம் ஓட்டை வழியே வந்தால் மாஃப் பார்ப்பது 2 கிராம் மட்டுமே. கலவையைச் சரிசெய்ய இசியு 25 சதவீதம் கூடுதல் பெட்ரோல் விட வேண்டும். இதே என்ஜினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தினால் மொத்தக் காற்று 10 கிராம் ஆகிறது என்று கொள்வோம். ஓட்டை அதே 0.5 கிராம்தான். மாஃப் 9.5 கிராமைப் பார்த்துவிடுகிறது. தேவைப்படும் திருத்தம் 5 சதவீதம் மட்டுமே. நெடுஞ்சாலையில் த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும்போது வெற்றிடமே குறைந்துவிடுவதால் ஓட்டை இருப்பதே தெரியாமல் போகும்.

ட்ரிம் எண்களைப் படிக்கும் முறை

இது மாஃப் உள்ள காருக்கு. என்ஜினை முழுதாகச் சூடாக்கி, ஏசியை அணைத்து, ஐடிலிங்கில் ட்ரிமைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 சுற்றில் அரை நிமிடம் நிறுத்தி மறுபடி குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஐடிலிங்கில் மிக அதிகம், 2500-ல் சரசரவென்று இறங்குகிறது: வாக்யூம் லீக். மேலே போட்ட கணக்கின் நேரடி விளைவு இது.

2. ஐடிலிங்கில் சரியாக இருக்கிறது, வேகமும் சுமையும் ஏற ஏற ட்ரிமும் ஏறுகிறது: பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய மாஃப். இங்கே லீக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3. வி வடிவ என்ஜினில் ஒரு பேங்க் மட்டும் ஏறியிருக்கிறது: அந்தப் பக்கத்து மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங். இரண்டு பேங்கும் சேர்ந்து ஏறினால், அதாவது பி0171-உம் பி0174-உம் ஒன்றாக வந்தால், இரண்டுக்கும் பொதுவான இடம்: த்ராட்டில் பக்கம், பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஆயில் அறை வாயுவை இழுக்கும் பிசிவி ஹோஸ்.

4. குளிர்ந்த என்ஜினில் மட்டும் தடுமாறி, சூடானதும் சரியாகிறது: சுருங்கிப் போன கேஸ்கெட். இந்தச் சோதனையைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் செய்ய வேண்டும். சூடான பிறகு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

எண்கள் ஏமாற்றும் இடமும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பாதையில் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவை மெலிந்துவிட்டதாகச் சென்சார் பொய் சொல்லும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆனாலும் இதேதான். எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது. பிளக் பக்கம் மிஸ்ஃபயர் கோடு இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டு ட்ரிமுக்கு வாருங்கள்.

எங்கெங்கே கசியும்?

வயதும் வெப்பமும் சேர்ந்து ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்க வைக்கின்றன. பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கின்றன. அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹோஸ்களை, அதிலும் அவை வளையும் இடத்தையும் முனைகளையும்.

பிசிவி அமைப்பு தனிக் கவனம் கேட்பது. என்ஜின் ஆயில் அறையில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுத்து எரிக்கும் பாதை இது. இதன் ஹோஸ் அடிப்பக்கம் எண்ணெயில் ஊறி இளகி, வெளியே பார்க்க நன்றாக இருந்துகொண்டே உள்ளே கிழிந்திருக்கும். சில என்ஜின்களில் வால்வு கவருக்குள்ளேயே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்தால் விசில் போல ஒரு சத்தம் வரும். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் தூக்க முயன்றால் உள்ளிருந்து பலமாகப் பிடித்து இழுக்கும். இன்னொன்றும் உண்டு. ஆயில் அறை மேனிஃபோல்டோடு இணைந்திருப்பதால், ஆயில் அளவுக் கம்பி சரியாக உட்காராதது, ஆயில் மூடியின் வளையம் போனது, வால்வு கவர் கேஸ்கெட் கசிவது ஆகியவையும் மாஃப் உள்ள காரில் வாக்யூம் லீக்தான்.

பெட்ரோல் ஆவியை டேங்கிலிருந்து இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் விளைவு இதேதான். குளிர்ந்த என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது கேனிஸ்டர் (ஆவியைச் சேர்த்துவைக்கும் டப்பா) பக்கத்து ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் உறிஞ்சல் இருக்கக் கூடாது.

மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள மடிப்பு ரப்பர் குழாயில் மடிப்புக்குள் விழும் விரிசல் கண்ணில் படாது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் தன் தாங்கிகளில் சற்றுச் சாய்கிறது. அப்போதுதான் விரிசல் வாய் திறக்கும். நிறுத்திவைத்துச் சோதித்தால் அகப்படாத கோளாறு இது. குழாயைக் கழற்றிக் கையில் வளைத்துப் பார்ப்பதே நல்ல வழி. த்ராட்டில் பாடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; சமீபத்தில் யாராவது அந்தப் பக்கம் கழற்றி மாட்டியிருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

தேடும் வரிசை

1. பார்ப்பது, கேட்பது. ஒரு நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். "ஸ்ஸ்" என்கிற சத்தம் இடத்தைக் காட்டிவிடும். விசிறியும் பெல்ட்டும் குழாயைப் பிடித்து இழுக்காத தூரத்தில் கை இருக்கட்டும்.

2. கிள்ளிப் பார்ப்பது. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்தி மூடுங்கள், ட்ரிமைக் கவனியுங்கள். எதை மூடும்போது ட்ரிம் இறங்குகிறதோ, அந்த ஹோஸிலோ அதன் மறுமுனையில் உள்ள பாகத்திலோதான் கசிவு. உடையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்களை மட்டும் கிள்ள வேண்டாம். அவற்றைக் கழற்றி வாயை அடைத்துச் சோதியுங்கள்.

3. வாக்யூம் கேஜ். முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் லீக் இருக்கலாம். ஸ்பார்க் டைமிங் பிந்தியிருந்தாலும் இப்படி நிற்கும். முள் சீராகத் துடித்தால் வால்வுகளைச் சந்தேகிக்க வேண்டும். கேஜ் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ட்ரிமோடு சேர்த்துப் படித்தால் பயன்.

4. ஸ்ப்ரே. கார்புரேட்டர் கிளீனரைச் சந்தேகப்படும் இணைப்பில் சிறிதளவு அடித்தால், ஓட்டை அதை உறிஞ்சும். கலவை செறிவாகி ஷார்ட் டெர்ம் ட்ரிம் சட்டென்று கீழே விழும். ஐடிலிங் சத்தம் மாறுகிறதா என்று காத்திருக்காதீர்கள். இசியு அதை மறைத்துவிடும். கொளுத்தாத புரொப்பேன் வாயுவைக் குழாய் வழியே காட்டுவதும் இதே தத்துவம்தான்.

ஸ்ப்ரே முறை பிரபலமானது, ஆபத்தானதும் இதுதான். சூடான எக்ஸாஸ்ட், பிளக் வயரில் கசியும் பொறி, பெட்ரோல் ஆவி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, மூடிய அறையிலும் கூடாது. தீப்பிடிக்காது என்று எழுதியிருக்கும் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே வேண்டாம். அது சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். காற்று உள்ளே நுழையும் ஃபில்டர் வாய்க்கு அருகே அடித்தால் ஓட்டையே இல்லாமலும் ட்ரிம் விழும். சந்தேகமாக இருந்தால் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓட்டை ஒரு கணம் அடைபட்டுச் சத்தமும் ட்ரிமும் மாறும். பல வேளைகளில் அதுவே போதும்.

புகைச் சோதனை: பலமும் எல்லையும்

என்ஜினை அணைத்து, காற்றுப் பாதையின் வாயை அடைத்து, எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கிய புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில், சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அளவிலோ அதற்கும் குறைவாகவோ, உள்ளே செலுத்துவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். கைக்கு எட்டாத மேனிஃபோல்டு அடிப்பக்கத்துக் கசிவுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் காற்றை நேராகக் கொடுத்தால் ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

ஆனால் புகை வரவில்லை என்றால் லீக் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. மூன்று இடங்களில் புகை தோற்றுப்போகிறது.

1. பிரேக் பூஸ்டர். அதன் ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கிறது. பூஸ்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குக் காற்று போகலாம், திரும்பி வர முடியாது. மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து தள்ளும் புகை அந்த வால்விலேயே நின்றுவிடும். சவ்வு கிழிந்த பூஸ்டர் சோதனையில் பாஸாகிவிடும்.

2. பர்ஜ் வால்வு. திறந்தபடி சிக்கியிருந்தால் புகை கேனிஸ்டருக்குள் போய்க் காணாமல் போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

3. பிசிவி வால்வு. இதுவும் எதிர்த்திசைப் பாய்ச்சலை அடைக்கும். த்ராட்டில் மூடியிருக்க, மேனிஃபோல்டு பக்கத்தில் மட்டும் புகை விட்டால் ஆயில் அறைக்கு அது போய்ச் சேராது. த்ராட்டிலுக்கு முன்னாலிருந்து விட்டால் ஆயில் அறையின் மூச்சுக் குழாய் வழியே போய்ச் சேரும்.

சைலன்சரில் புகை வந்தால் பதற வேண்டாம். என்ஜின் நின்ற நிலையில் ஏதோ ஒரு சிலிண்டரின் இரு வால்வுகளும் கொஞ்சம் திறந்திருக்கும்.

பூஸ்டரைத் தனியாகச் சோதியுங்கள்

மற்ற லீக்குகள் மைலேஜையும் ஓட்டத்தையும் கெடுக்கும். நாள்பட விட்டால் மிஸ்ஃபயர் வந்து, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். பூஸ்டர் லீக் மட்டும் உயிரோடு தொடர்புடையது. வெற்றிடம் போதாவிட்டால் பெடல் கல்லாக இறுகும்; வண்டி நிற்கும் தூரம் நீளும்.

என்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை அழுத்தி மிச்ச வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலைப் பெடலில் அழுத்தியபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ ஹோஸோ வால்வோ போயிருக்கிறது. ஐடிலிங்கில் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது என்ஜின் வேகம் மாறித் தடுமாறினாலும், தொடர்ந்து "ஸ்ஸ்" சத்தம் வந்தாலும் சவ்வைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் குறை தெரிந்தால் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு

பாகத்தை மாற்றியதும் கோடை அழித்து, பழைய லாங் டெர்ம் ட்ரிமையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இசியு சில நாள் பழைய ஞாபகத்தில் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். ஷார்ட் டெர்ம் அதே அளவுக்கு மைனஸில் காட்டும். சில கார்களில் ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொள்ள வைக்கும் செய்முறையையும் செய்ய வேண்டியிருக்கும். பிறகு ஐடிலிங்கிலும் 2500 சுற்றிலும் ட்ரிமை மறுபடி அளங்கள். இரண்டு எண்களும் அருகருகே, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஐடிலிங் எண் 20-லிருந்து 10-க்கு மட்டும் இறங்கி நின்றால் இன்னொரு ஓட்டை பாக்கி இருக்கிறது. ஒரே வயதுள்ள ரப்பர்கள் சேர்ந்தே கெடுவதால், ஒரு ஹோஸ் வெடித்த என்ஜினில் இது அபூர்வமான விஷயமல்ல.